மொட்டை டயரும் ஐப்பசி மழையும்

மோட்டார் சைக்கிள் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? சிட்லபாக்கம் முதன்மைச் சாலையில் நின்றுகொண்டு பத்துப் பேரிடம் இதைக் கேட்டால் பத்து விடைகள் கிடைக்கும். பதினைந்தாயிரம் என்பார் ஒருவர். முப்பதாயிரம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை என்பார் மற்றொருவர். பஞ்சர் கடைக்காரரோ கிலோமீட்டர்க் கணக்கையே விட்டுவிட்டு, "பட்டன் இருக்கிற வரைக்கும் ஓட்டலாம்" என்பார். இவற்றுள் அறிவியலுக்கு மிக நெருங்கிய விடை கடைசி விடையே. பட்டன் என்று அவர் குறிப்பிடுவது, டயரின் மேற்பரப்பில் பள்ளங்களுக்கு இடையே மேடாக நிற்கும் ரப்பர்க் கட்டைகளை. அவை எவ்வளவு தேயும்வரை ஓட்டலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சிறு கணக்கு. வண்டியின் எடை 110 கிலோகிராம், ஓட்டுபவரின் எடை 65 கிலோகிராம் என்று கொள்வோம். மொத்தம் 175. இதில் ஏறத்தாழ 105 கிலோகிராம் பின் சக்கரத்தின் மேலும் 70 கிலோகிராம் முன் சக்கரத்தின் மேலும் அமைகின்றன. பின் டயரில் சதுர அங்குலத்துக்கு 28 பவுண்டு காற்று அடித்திருக்கிறோம்; அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் எடை. விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. பின் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 53 சதுர சென்டிமீட்டர். முன் டயருக்குக் காற்று சற்றுக் குறைவு. அதன் பரப்பு சுமார் 40 சதுர சென்டிமீட்டர் வரும். டயரின் சொந்த விறைப்பை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டையும் கூட்டினாலும் ஓர் அஞ்சலட்டையின் பரப்புக்குக் குறைவு! புறப்படுவது, திரும்புவது, நிற்பது அனைத்தும் இந்த முக்கால் அட்டை ரப்பரை நம்பித்தான் நடக்கின்றன.

இப்போது வியப்பான ஒரு செய்தி. பட்டனே இல்லாத டயர் காய்ந்த தார்ச்சாலையில் மோசமாகப் பிடிப்பதில்லை. பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கு உலர்ந்த களத்தில் வழவழப்பான, பள்ளமே இல்லாத டயரைத்தான் மாட்டுகிறார்கள். பள்ளம் இல்லாதபோது தரையைத் தொடும் ரப்பர் அதிகம். உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததல்ல என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். ரப்பர் அந்த விதிக்கு முழுதும் கட்டுப்படாத பொருள். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது பிதுங்கி நுழைந்துகொள்கிறது. அப்படியானால் டயருக்குப் பள்ளங்கள் எதற்கு? சாலையில் நிற்கும் தண்ணீருக்கு.

ஏழு மில்லிவிநாடி

மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது விநாடிக்குச் சுமார் 13.9 மீட்டர். டயர் தரையைத் தொடும் பகுதியின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், டயரின் ஒரு குறிப்பிட்ட இடம் தரையில் பதிந்திருக்கும் நேரம் ஏழு மில்லிவிநாடிதான். அதற்குள் அடியில் இருக்கும் நீர் விலகியாக வேண்டும். சாலையில் 2 மில்லிமீட்டர் நீர் நிற்கிறது, டயரின் தொடுபகுதி 6 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விநாடியும் அந்த டயர் ஒதுக்கித் தள்ள வேண்டிய நீர் ஒன்றரை லிட்டருக்கும் மேல். பள்ளங்கள் இந்த நீருக்கு வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் என்ன ஆகுமோ, அதுவே டயரின் அடியிலும் ஆகிறது.

இது முதலில் தீவிரமாக ஆராயப்பட்டது விமானச் சக்கரங்களுக்காக. நாசாவைச் சேர்ந்த ஹார்ன், டிரெஹர் என்ற ஆய்வாளர்கள் 1963-இல் வெளியிட்ட அறிக்கையில், சக்கரம் நீரின் மேல் முழுதும் மிதந்துவிடும் வேகம் டயர்க் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று காட்டினர். அவர்களது வாய்பாட்டில் 28 பவுண்டைப் போட்டால் மணிக்கு 88 கி.மீ. வருகிறது. மோட்டார் சைக்கிள் டயர் ஒடுக்கமானது, உருண்டையானது. படகின் முனைபோல் நீரைப் பிளந்து செல்வதால் அதற்கு இந்த வேகம் இன்னும் கூடும். சிட்லபாக்கத்தின் சாலைகளில் அவ்வேகத்துக்கு இடமேது, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். முழுதாக மிதப்பதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிடுகிறது. பெரும்பகுதி நீர் விலகிய பிறகும் மெல்லிய ஏடு ஒன்று ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே தங்கிவிடும். பட்டன்களின் விளிம்புகள்தாம் அந்த ஏட்டைக் கிழித்துத் தரையைத் தொடுகின்றன. விளிம்பு மழுங்கிய டயர் அதன்மேல் வழுக்குகிறது. பல வாரம் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் இந்த ஏடு வெறும் நீராக இருப்பதில்லை. தூசும் எண்ணெயும் ரப்பர்த் தூளும் குழைந்த கூழ் அது.

இதன் விளைவை எண்ணில் பார்ப்போம். காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்றும், நனைந்த சாலையில் தேய்ந்த டயருக்கு அது பாதியாக, 0.35 ஆகக் குறைகிறது என்றும் கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் முதல் வண்டி 14 மீட்டரில் நிற்கும்; இரண்டாவது 28 மீட்டரில். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது வண்டியின் வேகம் என்ன? அதன் இயக்க ஆற்றலில் பாதிதான் தீர்ந்திருக்கிறது. ஆகவே வேகம் 50-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது மணிக்கு 35 கி.மீ.! எதிரே ஒரு பள்ளிச் சிறுவன் சாலையைக் கடக்கிறான் என்றால் இந்த 35-இன் பொருள் விளங்கும்.

சென்னையின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர். ஆண்டின் மற்ற மாதங்களில் பெரும்பாலும் காய்ந்த சாலையில் ஓடும் டயர் தேய்ந்துகொண்டே வருகிறது; ஆனால் தேய்ந்தது தெரிவதில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, வண்டி ஒழுங்காகத் திரும்புகிறது. "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் டயரைக் காய்ந்த சாலையில் சோதித்திருக்கிறார், அவ்வளவுதான். தேர்வு ஐப்பசியில் வருகிறது.

தேய்வது எப்படி?

20,000 கி.மீ. ஓடி 5 மில்லிமீட்டர் தேய்ந்த ஒரு பின் டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், அது ஒரு கோடி முறைக்கு மேல் சுழன்றிருக்கிறது. ஒரு சுழற்சிக்கு இழந்த தடிமன் சராசரியாக அரை நானோமீட்டர். சில அணுக்களின் உயரம்! உண்மையில் ரப்பர் அணு அணுவாக உரிவதில்லை, சிறு துகள்களாகப் பிய்கிறது. என்றாலும் இத்துணை மெதுவாகத் தேயும் பொருளைச் செய்தது வேதியியலின் பெரிய வெற்றி. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி அதன் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்தார். பின்னர் கரிப்புகைத் தூளைச் சேர்த்தபோது உழைப்பு பன்மடங்கு கூடியது. டயர் கருப்பாக இருப்பது இதனால்தான். தொடக்க கால டயர்கள் வெளிறிய நிறத்தவை.

பின் டயர் முன் டயரைவிட விரைவில் தேய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின் சக்கரம் வெறுமனே உருள்வதில்லை. எஞ்சினின் விசையால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தள்ளும்போது ரப்பர் சற்றே நழுவுகிறது. நழுவல் கூடக் கூடத் தேய்வும் கூடும். வண்டியைச் சீறிக் கிளப்புபவர், நெருக்கத்தில் சென்று திடீரென்று பிரேக் அடிப்பவர் ஆகியோரின் டயர் விரைவில் மொட்டையாகும். காற்று குறைந்தால் ஓரங்களும், கூடினால் நடுப்பகுதியும் தேயும். குறைந்த காற்று இன்னொரு கேடும் செய்யும்: டயர் அதிகமாக மடங்கி நிமிர்ந்து உள்ளே சூடேறும். காற்றை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையிலேயே பார்ப்பது நல்லது.

பிய்ந்த துகள்கள் எங்கே போகின்றன? மேற்சொன்ன ஒரு டயரிலிருந்து மட்டும் ஏறத்தாழ கால் கிலோ ரப்பர் சாலையில் தூவப்படுகிறது. அது காற்றில் கலக்கிறது, மழையில் வடிகால்கள் வழியே ஏரிகளையும் ஆறுகளையும் சேர்கிறது.

ஓடாத டயருக்கும் ஆயுள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அறுக்கிறது. டயரின் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான். இதைத் தடுக்க மெழுகும் சில காப்புப் பொருள்களும் ரப்பரில் கலக்கப்படுகின்றன. அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஓசோனைத் தாங்களே எதிர்கொள்கின்றன. இந்தக் காப்புப் பொருள்களுள் ஒன்று ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் சேர்மமே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது என்று 2020 டிசம்பரில் கண்டறிந்தார்கள். ரப்பரைக் காப்பது மீனைக் கொல்கிறது! மாற்றுப்பொருள் தேடுவது எளிய வேலையன்று. இதை ஆராய ஆசைப்படும் மாணவருக்கு ஒரு செய்தி: சிட்லபாக்கத்துக்கு அடுத்த குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்திலேயே ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென ஒரு துறை இருக்கிறது.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் டயரைச் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டானால் பள்ளம் மிச்சமிருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்கிறது மிச்சலின் நிறுவனம். கம்பி இழையோ நூலிழையோ வெளியே தெரிந்தால், அல்லது பக்கச் சுவர் புடைத்தால், வயதும் பள்ளமும் பார்க்க வேண்டியதில்லை. அன்றே மாற்ற வேண்டும். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டித் தருவோரும் உண்டு. மிஞ்சியிருக்கும் மெல்லிய ரப்பரையும் வெட்டி எடுப்பது அது. அதைச் செய்வதைவிட மொட்டை டயரோடே ஓட்டலாம் என்றுதான் சொல்வேன். இரண்டுமே தவறு என்பது வேறு.

அளந்து பாருங்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி இருசக்கர வாகன டயரின் பள்ள ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இதைக் காட்டுவதற்காகப் பள்ளங்களின் அடியில் ஆங்காங்கே சிறு ரப்பர் மேடுகளை வார்த்திருப்பார்கள். பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ ஒரு சிறு முக்கோணமோ அவை இருக்கும் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் காலம் முடிந்தது. சட்டம் சொல்வது கடைசி எல்லை. மழைக்காலத்துக்குள் நுழையும்போது 2 மி.மீ.யாவது இருப்பது நலம் என்பது என் கருத்து.

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவி இருக்கிறது. அதன் வாலில் நீளும் மெல்லிய தண்டு ஆழம் அளப்பதற்கே. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டயரின் நடுப்பகுதியில் மூன்று வெவ்வேறு இடங்களில் பள்ள ஆழத்தை அளந்து சராசரி காணுங்கள். ரப்பர் மேட்டின்மேல் தண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைய கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இப்படி அளந்து வரைபடத் தாளில் புள்ளியிட்டால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு கீழ்நோக்கி இறங்கும். அதை நீட்டி 0.8 மி.மீ. எல்லையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டு வண்டியின் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கேள்விக்கு, அந்த வண்டிக்கும் அதை ஓட்டுபவருக்கும் மட்டுமே பொருந்தும் விடை அங்கே இருக்கும்.

கோடு ஐப்பசி, கார்த்திகையில் எல்லையைத் தொடுமானால் புரட்டாசியிலேயே மாற்றச் சொல்லுங்கள். புது டயரின் மேற்பரப்பு முதலில் சற்று வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை நிதானமாக ஓட்டி அதைச் சொரசொரப்பாக்க வேண்டும். அதற்குக் காய்ந்த சாலையே ஏற்றது.