கட்டியின் மரபணுக்கள் சொல்வதும் சொல்லாததும்

நுரையீரல் புற்றுநோய்க் கட்டி அறுவைச் சிகிச்சையால் அகற்றப்பட்ட பின்னர், நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "இந்நோய் மீண்டும் வருமா?" என்பதாகும். கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களில் பரவல் முதலியவற்றைக் கொண்டு நோயின் நிலையை வகுக்கிறோம். ஆயினும், ஒரே நிலையில் சிகிச்சை பெற்ற இருவரில் ஒருவர் நலமாக வாழ, மற்றவருக்கு நோய் திரும்புவதும் உண்டு. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறியும் முயற்சிகளுள் ஒன்றே மரபணு வெளிப்பாட்டுப் பரிசோதனை.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

நம் உடலின் உயிரணுக்களில் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுப்புதான் உள்ளது. ஆனால் எல்லா மரபணுக்களும் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் செயல்படுவதில்லை. ஒரு மரபணு செயல்படும்போது அதன் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறாகப் படியெடுக்கப்படுகிறது. அந்த ஆர்.என்.ஏ.யின் அளவே வெளிப்பாட்டின் அளவு. அறுவைச் சிகிச்சையில் எடுத்துப் பாரஃபின் மெழுகில் பாதுகாக்கப்பட்ட திசுவிலேயே இதனை அளக்க இயலும்.

இங்கு அளக்கப்படுவது கட்டியின் செயல்பாடு; பரம்பரையாக வருவது அன்று. ஆகவே, இதன் முடிவைக் கொண்டு பிள்ளைகளுக்கும் நோய் வரும் என அஞ்ச வேண்டியதில்லை.

இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களுக்கான பரிசோதனைகளோடும் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அவை எந்த மருந்து பயன்தரும் என்பதைத் தெரிவிக்கின்றன. இதுவோ நோயின் போக்கை மதிப்பிட முயல்கிறது.

எண்களை எவ்வாறு புரிந்துகொள்வது?

2012இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். புற்றுநோயோடு தொடர்புடைய 11 மரபணுக்களும், ஒப்பீட்டுக்கான 3 மரபணுக்களும் அதில் அளக்கப்பட்டன. வட கலிபோர்னியாவில் முதல் நிலை நோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற 433 பேர் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர், குறைந்த அபாயப் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர். நடுத்தரப் பிரிவில் 58 பேர். அதிக அபாயப் பிரிவில் 49 பேர்.

'அதிக அபாயம்' எனப்பட்டவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தாண்டைக் கடந்தனர். 'குறைந்த அபாயம்' எனப்பட்டவர்களிலும் பத்தில் மூவர் அளவுக்குக் கடக்கவில்லை. பரிசோதனை கூறுவது ஒரு குழுவின் நிலையை. அக்குழுவில் தாங்கள் எந்தப் பக்கம் இருப்பீர்கள் என்பதை அது கூறுவதில்லை. எனவே, அதிக அபாயம் என்ற சொல் இறுதித் தீர்ப்பு அன்று. குறைந்த அபாயம் என்பது தொடர் பரிசோதனைகளைக் கைவிடுவதற்கான அனுமதியும் அன்று.

ஏன் எச்சரிக்கை தேவை?

ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சில நூறு நோயாளிகளிடம் ஆராயும்போது, தற்செயலான பொருத்தங்களும் உண்மைபோலத் தோன்றும். இத்தகைய 16 ஆய்வுகளை 2010இல் மதிப்பிட்ட அறிஞர்கள், அவற்றுள் எதுவும் மருத்துவப் பயன்பாட்டிற்கு ஆயத்தமாக இல்லை என்றே முடிவு செய்தனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வெளியாகிப் பெரும் நம்பிக்கையூட்டிய ஆய்வுக் கட்டுரை, 2011இல் திரும்பப் பெறப்பட்டது.

மேலும், அபாயம் அதிகம் எனக் காட்டுவது வேறு. கூடுதல் கீமோதெரபி அதனைக் குறைக்கும் என நிறுவுவது வேறு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இத்தகைய பரிசோதனை தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டால், பின்வருவனவற்றைக் கேட்டறியுங்கள்:

• என் நோயின் வகைக்கும் நிலைக்கும் இப்பரிசோதனை சரிபார்க்கப்பட்டுள்ளதா?
• முடிவு எதுவாயினும் என் சிகிச்சை மாறுமா?
• இதற்கு ஆகும் செலவு எவ்வளவு?

இரண்டாம் கேள்விக்கு 'மாறாது' என்பது விடையானால், பரிசோதனையைத் தவிர்ப்பதில் தவறில்லை. புகைபிடிப்பதை நிறுத்துதலும், குறித்த நாளில் சி.டி. ஸ்கேனுக்கு வருதலும் எந்தப் பிரிவினருக்கும் பொதுவான கடமைகள்.