கப்பைக்குக் காவல் ஒரு குளவி

இடுக்கி மலைச்சரிவிலும் சரி, பாலக்காட்டு எல்லைக் கிராமங்களிலும் சரி, கப்பையும் மீன்கறியும் சேர்ந்தால் வேறு விருந்து வேண்டாம். நம் மரவள்ளிக்கு அங்கே கப்பை என்றுதான் பேர். 2020-இல் பாலக்காட்டை ஒட்டிய திருச்சூரில் இந்தச் செடியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. தென் அமெரிக்கப் பூச்சி. இந்தியாவுக்கு அதுதான் முதல் வரவு. பிறகு சேலம், நாமக்கல் தோட்டங்களிலும் ஏறியது.

இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. ஒரே ஒரு பெண் வந்து ஒட்டினால் போதும், துணையில்லாமலே முட்டையிட்டுப் பெருகிவிடும். சாறு உறிஞ்சும்போது எச்சிலோடு நஞ்சும் இறங்க, குருத்து சுருண்டு கொத்தாகிவிடும். உடம்பெல்லாம் மெழுகுப்பொடி, தெளிக்கிற மருந்து எளிதில் ஒட்டாது.

ஆப்பிரிக்கா இந்தத் தொல்லையை 1970-களிலேயே பட்டறிந்தது. பூச்சியின் பிறந்த மண்ணைத் தேடிப் போனவர்கள் 1981-இல் பராகுவேயில் அதைக் கண்டார்கள். கூடவே அதன் எமனையும். அனகைரஸ் லோபெசி என்ற குளவி. கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம், எள்ளளவுகூட இராது. பெண் குளவி மாவுப்பூச்சியைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பெரிய பூச்சி அகப்பட்டால் பெரும்பாலும் மகள் முட்டை, சிறிசு என்றால் மகன் முட்டை. சீர் பார்த்துச் செய்கிற தாய்! ஆப்பிரிக்காவில் இந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அயல்நாட்டுப் பூச்சியை அழைத்து வருவது விளையாட்டல்ல. என்னைக் கேட்டால், முதலில் அதன் வாய்க்கட்டை, அதாவது குறிவைத்த இரையைத் தவிர வேறெதையும் தொடாதா என்பதைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மக்வாரி தீவை முயல்கள் மொட்டையடித்தபோது, முயலைக் கொல்லும் மிக்சோமா வைரஸைச் சுமக்க அந்தக் குளிர்த் தீவில் கொசு இல்லை. 1968-இல் முயல் தெள்ளுப்பூச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள். சினைமுயலின் இரத்தம் குடித்தால்தான் அதன் முட்டை முதிரும். முயலை விட்டால் அதற்குக் குலமே இல்லை. 1978-இல் வைரஸும் வர, முயல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனாலும் தப்பியவை மறுபடி பெருகின. விஷ இரை வைத்து, நாய்விட்டுத் தேடி, 2014-இல்தான் முயலற்ற தீவானது.

கப்பைக் குளவிக்கும் அந்த வாய்க்கட்டு உண்டு. 2021-இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்துக்கு வந்து, தனிக்கூடத்தில் சோதனை முடிந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விடப்பட்டது.

கப்பை இலையடியில் பழுப்பேறி உப்பிக் காய்ந்த மாவுப்பூச்சி தென்பட்டால் பறித்து எரிக்க வேண்டாம், மருந்தும் அடிக்க வேண்டாம். உள்ளே குளவிக்குஞ்சு இருக்கும்.