தங்கமீனுக்கு முன்பே குடியேற வேண்டியவை

புதுத் தொட்டி வாங்கியவர்கள் சொல்லும் சோகக் கதையில் வீட்டுக்கு வீடு மாறுவது நாள் கணக்கு மட்டும்தான். கொளத்தூர் மீன் கடையில் வாங்கிய இரண்டு கோல்டு ஃபிஷ், கண்ணாடித் தொட்டி, வண்ணக் கூழாங்கல், குமிழி விடும் மோட்டார் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேரும். முதல் சில நாட்கள் மீன்கள் சுறுசுறுப்பாகச் சுற்றும். அடுத்த வாரம் ஒன்று மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னொன்று செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கும். தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருக்கும். கடைக்காரர் ஒரு மருந்து கொடுப்பார். அதையும் ஊற்றி மீன் செத்துப்போனால், “கோல்டு ஃபிஷ் அப்படித்தான், ரொம்ப நாள் தாங்காது” என்று வீட்டில் யாராவது தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

தாங்கும். 1956இல் இங்கிலாந்தில் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை உயிரோடு இருந்து, 43 வயதில் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அது விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்வோம். நல்ல தொட்டியில் பத்தாண்டைத் தாண்டுவது இந்த மீனுக்குப் பெரிய காரியமில்லை. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குளங்களில் வளர்க்கப்பட்ட இனம் இது. கெண்டைக் குடும்பம், நம் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தூரத்து உறவு. கெட்டித்தன்மை பரம்பரையிலேயே உண்டு. கடுங்குளிரில், ஆக்சிஜன் அறவே இல்லாத நீரில்கூட இது சில காலம் பிழைத்திருக்கும். உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக, அதாவது சாராயமாக, மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியமைப்பு எது என்பதை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினார்கள்.

இத்தனை கெட்டியான மீன் என்பதால்தான் ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெயரே அதற்கு வினை. மென்மையான மீனாக இருந்தால் முதல் நாளே செத்து, ஏதோ தவறு என்று எச்சரித்திருக்கும். தங்கமீன் நஞ்சைத் தாங்கிக்கொண்டு இரண்டு வாரம் இழுக்கும்.

அந்த நஞ்சு அம்மோனியா. அது மீனின் கழிவிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். கழிவும் மிச்ச உணவும் அழுகும்போது அம்மோனியா வருவது உண்மைதான். ஆனால் பெரும்பங்கு மீனின் செவுளிலிருந்தே நேராக நீரில் கலக்கிறது. உணவிலுள்ள புரதம் செரித்த பிறகு மிஞ்சும் நைட்ரஜனை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறோம். மீன் அந்தச் சிரமமெல்லாம் படுவதில்லை, மூச்சுவிடும் இடத்திலேயே அம்மோனியாவாகக் கரைத்துவிடுகிறது. குளத்தில் அது காணாமல் போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? நிறமற்ற பொருள் என்பதால் தண்ணீரைப் பார்த்தும் சொல்ல முடியாது.

அம்மோனியாவை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. 1890 வாக்கில் சூரிச்சில் பணியாற்றிய ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான்: ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும், செவுள் பழுப்பேறும், மீன் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இரண்டு கூட்டத்தின் வேலையையும் தனியொருவராகச் செய்யும் பாக்டீரியா உண்டு என்று 2015இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. அவற்றில் நெதர்லாந்துக் குழு அதைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் ஒரு வடிகட்டியில்.

ஆக, ஃபில்டரின் முக்கிய வேலை குப்பையைப் பிடிப்பதல்ல, இந்தப் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுப்பது. ஸ்பாஞ்சின் துளைகளிலும் கூழாங்கற்களின் மேலும் அவை படலமாக ஒட்டி வாழும். புதுத் தொட்டியில் அவை கிட்டத்தட்ட இல்லை. பெருகுவதிலும் சோம்பேறிகள். நம் குடலிலுள்ள ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோகூட ஆகலாம். முழுத் தொட்டியையும் சமாளிக்கும் அளவுக்குக் கூட்டம் சேர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மீன் சாவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

முறைப்படி செய்தால், மீன் இல்லாமலேயே தொட்டியை ஓடவிட வேண்டும். தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை இரவு பகலாக இயக்கி, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். அதைத் தின்ன பாக்டீரியா வரும். மீன் கடைகளில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில் சில சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்தால் நடப்பது புரியும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் இரண்டும் பூஜ்யத்தில் நின்று நைட்ரேட் மட்டும் தெரியும். அன்றைக்குப் போய் மீன் வாங்கலாம். அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நோயில்லாமல் ஓடும் நண்பரின் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காத்திருப்பு வெகுவாகக் குறையும். அந்த அழுக்கு ஸ்பாஞ்சுக்கு ஈடான பாட்டில் மருந்தை நான் பார்த்ததில்லை.

மீனை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? பெரும்பாலோர் அந்த நிலையில்தான் படிப்பார்கள். தினமும் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். நைட்ரைட் ஏறிய நேரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கைகொடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதை உள்ளே நுழையவிடாமல் தடுக்கிறது. நோய் எதுவென்று தெரியாமல் ஆன்டிபயாட்டிக் ஊற்றுவது மட்டும் வேண்டாம். அது வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினும் அப்படித்தான். கிருமியைக் கொல்வதற்கென்றே கலப்பது அது. வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தோ, கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட்டோதான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

போர்வெல் தண்ணீருக்கு வேறு கணக்கு. நீரிலுள்ள அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்றுதான் கொடிய நஞ்சு. வெப்பம் 25 டிகிரி, பிஎச் 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.6 சதவீதம்தான் நச்சு வடிவம். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். பிஎச் கூடிய, உப்புப் பூக்கும் கடின நீரில் சிறிதளவு அம்மோனியாவும் பெரிய ஆபத்தாவது இதனால்தான். அதற்குப் பயந்து கேன் தண்ணீரை ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். அது இன்னும் மோசம். நைட்ரேட் ஆக்கும் வேலையில் பாக்டீரியாக்கள் நீரின் காரத்தன்மையைத் தொடர்ந்து செலவழிக்கின்றன. ஆர்ஓவில் சுத்திகரித்த கேன் நீரில் அந்தக் கையிருப்பே இல்லை. பிஎச் சரிந்து அவை வேலை நிறுத்தம் செய்துவிடும். பாக்டீரியா நன்றாக நிலைபெற்றுவிட்டால் கடின நீர் தங்கமீனுக்கு ஒத்துக்கொள்ளும்.

தொட்டியின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்புவரை நிரப்பினாலும் 57 லிட்டர்கூட இல்லை. வளர்ந்தால் ஒரு சாணைத் தொடும் மீனுக்கு, ஒன்றே ஒன்று என்றாலும், அது போதாது. மூன்றடித் தொட்டியில் இரண்டு வளர்க்கலாம். உருண்டைக் கிண்ணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரோம் நகராட்சி 2005இல் அதற்குத் தடையே விதித்தது.

கோடையில் இன்னொரு நெருக்கடி. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே வெப்பம் மீனின் தேவையைக் கூட்டுகிறது. பாக்டீரியாக்களும் ஆக்சிஜனுக்குப் பங்கு கேட்பவை. ஏப்ரல், மே மாதங்களில் ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

தீனி விஷயத்தில் மீன் உங்களை ஏமாற்றும். மூன்று விநாடி ஞாபகசக்தி என்பதெல்லாம் கட்டுக்கதை. யார் கையிலிருந்து சோறு வருகிறது என்று சில நாட்களிலேயே கற்றுக்கொண்டு, நீங்கள் அந்தப் பக்கம் நடந்தாலே கண்ணாடியில் வந்து முட்டும். அது பசியல்ல, பழக்கம். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு வேளை போதும். மிஞ்சியது அம்மோனியா.

மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துத் திரும்ப நிரப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆறு வாரம் காத்து வளர்த்தவை அரை மணி நேரத்தில் ஒழிந்து, தொட்டி மறுபடி புதுத் தொட்டியாகிவிடும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். அந்த அழுக்கு நீரில் நைட்ரேட் இருக்கிறது. உப்புப் போடாத வாரங்களில் அதைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றலாம்.