புல்லைத் தொடரும் மக்கள்

ஈரானின் சாக்ரோஸ் மலைகளிலே மொழியால் வேறுபட்ட இரு கூட்டத்தார் ஒரே தொழிலைச் செய்து வந்துள்ளனர். பக்தியாரிகள் பேசுவது ஈரானிய மொழி; கஷ்காயிகள் பேசுவதோ துருக்கிய மொழி. ஆயினும் இருவருக்கும் வழிகாட்டி புல்லே. குளிர்காலத்தில் தாழ்நிலத்திலும் கோடையில் மலைமேலும் மந்தைகளை மேய்ப்பர். இடையே ஓடும் காரூன் ஆற்றைப் பக்தியாரிகள் காற்றடைத்த ஆட்டுத்தோல்களின்மேற் கட்டிய தெப்பங்களிற் கடந்தனர். கஷ்காயிப் பெண்களின் கம்பளத்தறியோ நிலத்திற் கிடப்பது. பாதி நெய்த கம்பளத்தோடு சுருட்டிக்கொண்டு புறப்படலாம்.

1930களில் மன்னர் ரேசா ஷா இவர்களை ஓரிடத்திலே குடியிருத்த முற்பட்டார். நாடோடிக்கு வீடு தருவது நன்மையென்றே நகரத்தார்க்குத் தோன்றும். மலைவழி அடைபட, மந்தைகள் பெருமளவில் மடிந்தன. 1941இல் அவர் முடிதுறந்ததும், பலர் மீண்டும் கூடாரங்களுடன் மலையேறினர். இன்று பெரும்பாலோர் ஊர்களிலே வாழ்கின்றனர். எஞ்சியோரிற் சிலர் மந்தைகளை லொறியில் ஏற்றிச் செல்கின்றனர்.