புதிய இல்லமும் முதியோர் மனமும்

நாஞ்சில் நாட்டின் வாயிலாக விளங்குவது ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் விட்டுள்ள கணவாயில் இவ்வூர் அமைந்துள்ளது. ஆனி, ஆடித் திங்கள்களில் அக்கணவாயினூடே காற்று பேரோசையுடன் வீசும். அருகிலுள்ள முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அதன் வலிமைக்குச் சான்றாகும்.

கணவாயைக் கடந்து நாஞ்சில் நாட்டு வயல்களில் நடவுக் காலத்தில் நின்று பார்ப்போமாயின் ஓர் உண்மை விளங்கும். நாற்றங்காலில் செழித்து நின்ற நாற்றைப் பறித்து வயலில் நட்டவுடன் அது வளர்ந்துவிடுவதில்லை. சில நாள் வாடி நிற்கும். வேர் பிடித்த பின்னரே பச்சை கட்டும். அதன் வாட்டத்தைக் கண்டு உழவன் அஞ்சுவதுமில்லை. அதனைப் பாராது விட்டுவிடுவதுமில்லை. இடம் பெயர்ந்த மனிதரின் மனமும் இத்தகையதே.

பிள்ளைகள் தொழில் நாடி வெளியூரும் வெளிநாடும் செல்லும் இக்காலத்தில், முதியோர் பலர் முதியோர் இல்லங்களில் வாழ நேர்கின்றது. ஆரல்வாய்மொழியில் எழுபது ஆண்டுகள் வாழ்ந்த பெரியவர் ஒருவர், தொலைவிலுள்ள இல்லமொன்றிற்குச் சென்றதாகக் கொள்வோம். அங்கு உணவும் மருந்தும் குறைவின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் இரவில் அவருக்கு உறக்கம் வருவதில்லை. காற்றின் ஓசையைக் கேட்டே உறங்கிப் பழகிய செவிக்கு அங்குள்ள அமைதியே அயலாக இருக்கின்றது. 'பாட்டா' என்று அழைக்கும் பேரக் குழந்தைகள் இல்லை. திண்ணையில் உடனமர்ந்து பேசுவோர் இல்லை. எப்பொழுது எழுவது, எதை உண்பது என்பவற்றையும் பிறரே முடிவு செய்கின்றனர். அவர் பேச்சுக் குறைகின்றது. சிறு பொருட்டுக்கும் சினம் எழுகின்றது. இதனைப் பிடிவாதம் என்று கருதுதல் பிழை. இஃது இழப்பினால் விளைந்த துயரம்.

பெரும்பாலோர்க்கு இத்துயரம் நாளடைவில் தணியும். சிலர்க்கோ அது அன்றாட வாழ்வையே தடுக்கும் அளவிற்கு மிகும். அந்நிலையை உலக சுகாதார நிறுவனம் தனியொரு மனநலக் கோளாறாக வகுத்துள்ளது. நெருக்கடி நேர்ந்த ஒரு திங்களுக்குள் அது பெரும்பாலும் தோன்றும். நெருக்கடி நீங்கின் ஆறு திங்களுக்குள் தணிவது இயல்பு. உணவை வெறுத்தல், எவரிடமும் பேசாதிருத்தல், வாழ்வில் பயனில்லை என்று கூறுதல் ஆகிய குறிகள் காணப்படின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். முதுமை என்றால் அப்படித்தான் என்று வாளாவிருத்தல் தீங்காகும்.

முதியவர் மனம் புதிய மண்ணில் வேர் பிடிக்கத் துணை செய்வன யாவை? மரக்கன்றைப் பெயர்த்து நடுவோர் வேரைச் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்தே எடுப்பர். அதுபோலப் பழகிய நாற்காலி, குடும்பப் படம், வெற்றிலைச் செல்லம் முதலியன உடன் செல்லுதல் நன்று. செல்வதற்கு முன்னரே அவர் கருத்தைக் கேட்டு, இல்லத்தை ஒருமுறை காணச் செய்தல் அதனினும் நன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. 1976ஆம் ஆண்டில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலறிஞர் இருவர் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் செய்த ஆய்வை வெளியிட்டனர். ஒரு தளத்தில் இருந்தோரிடம், தத்தம் அறையைத் தாமே ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்று கூறி, விரும்பிய செடியைத் தேர்ந்து பேணும் பொறுப்பையும் அளித்தனர். மற்றொரு தளத்தில் இருந்தோர்க்கும் செடிகள் தரப்பட்டன. ஆனால் பணியாளரே நீர் ஊற்றினர். மூன்று வாரங்களுக்குப் பின்னர், பொறுப்பேற்றவர்கள் மற்றவரினும் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் உடையவராயினர். ஆகவே, முதியவர்க்கு அனைத்தையும் நாமே செய்து கொடுத்தல் மட்டும் அன்பாகாது. அவரால் இயல்வதை அவரே செய்ய இடந்தருதலும் அன்பேயாகும்.

நம் மாநிலத்திலும் இவ்வுண்மை வேறொரு வகையில் நடைமுறையில் உள்ளது. சென்னையில் 1993இல் தோன்றிய 'தி பேன்யன்' என்னும் அமைப்பு, மனநோயுற்று வீடற்றிருந்த பெண்களுக்குப் புகலிடம் அளித்தது. மருத்துவமனையில் நெடுங்காலம் தங்கியவர்களை, ஊர் நடுவே சாதாரண வீடுகளில் நால்வர் ஐவராகக் கூடி வாழச் செய்யும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை 2015இல் தொடங்கியது. அவர்கள் தாமே சமைப்பர், கடைக்குச் செல்வர், அண்டை வீட்டாருடன் பழகுவர். துணை செய்வோரும் உடனுள்ளனர். துணையும் உரிமையும் ஒருங்கே அமையும் இடமே வீடு என்பதை இத்திட்டம் உணர்த்துகின்றது.

மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்துள்ளது. மனத்துயர் உற்றோர் 14416 என்னும் எண்ணிலும், முதியோர் 14567 என்னும் எண்ணிலும் தொலைபேசி வழியே உதவி பெறலாம்.

மாணவர்களும் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. அருகிலுள்ள முதியோர் இல்லத்திற்குச் செல்லுங்கள். வருவதாகச் சொன்ன நாளில் தவறாது செல்லுங்கள். அந்நாளை எதிர்நோக்கி ஒருவர் காத்திருப்பார். அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். அவர் அறிந்த தொழிலைக் கற்றுத்தருமாறு வேண்டுங்கள். கற்பிக்க ஒரு பொருளும் கேட்க ஒரு செவியும் வாய்த்த மனம், அயலூரிலும் வேர் பிடிக்கும்.