பத்திரத்துக்குப் போன நகை

முகூர்த்த நாள் என்பதால் கூடுதல் டோக்கன் கொடுத்திருந்தார்கள். சென்னைப் புறநகரில் அந்தச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் கூட்டம் சாலை வரை நின்றது. வேப்பமர நிழலில் ஒரு தம்பதி. அந்த அம்மாவுக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. கழுத்தில் மட்டும் வெறும் மஞ்சள் கயிறு. பேச்சுக் கொடுத்தேன். “செயின், ஆரம், வளையல் எல்லாம் பேங்க்லதாங்க இருக்கு. வீட்டுக்குத்தானே வச்சோம், மீட்டுடலாம்” என்றார். சாட்சிக் கையெழுத்துக்கு வரவேண்டிய நண்பர் இன்னும் வரவில்லையாம். கணவர் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கடன் என்றதும் எல்லோரும் மாதத் தவணையைத்தான் பேசுகிறோம். தவணை அடுத்த மாதக் கவலை. பதிவு நாளன்று கையில் இருக்கவேண்டிய பணம்தான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது.

இவர்கள் வாங்குவது 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆக வங்கி தருவது 48 லட்சம், கைக்காசு 12 லட்சம். இதுவரை எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று 9 சதவீதத்துக்கு இன்னொரு 5 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும் என்பதுதான் அட்வான்ஸ் கொடுத்த பிறகு உறைக்கிறது. அதையும் சேர்த்துக் கடன் கேட்கலாமே என்றால், முடியாது. முத்திரை, பதிவுச் செலவுகளை வீட்டு விலையில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. 10 லட்சத்துக்கு மிகாத வீட்டுக்கு மட்டும் 2015-ல் விலக்கு கொடுத்தார்கள். 10 லட்சத்துக்குள் சென்னையில் வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நானே போய் வாங்கிவிடுவேன்.

புரோக்கர் கமிஷன், வக்கீல் ஒப்பீனியன், வங்கியின் புரோசெசிங் கட்டணம் எல்லாம் தனி. மூலப்பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு எழுதும் எம்.ஓ.டி. பத்திரத்துக்கும் முத்திரை உண்டு. போதாததற்கு, விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்று பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் வேலை வாங்குகிறவர் தலையில். விற்பவருக்குத் தரவேண்டிய பணத்தில் கழிப்பதுதான். ஆனால் மறந்தால் வட்டியும் அபராதமும் வாங்கியவருக்கு.

இந்த 9 சதவீதத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக்கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 ஆக்கினார்கள். சதுர அடி 3,000 என்று இருந்த தெருவில் வழிகாட்டி மதிப்புக்கே பதிகிறவர் முதலில் 240 ரூபாய் கட்டினார், பிறகு 2,000-த்துக்கு 220, அப்புறம் 270. கட்டணக் குறைப்பு என்று செய்தி வந்த வருஷத்தில்தான் இந்த 270.

புது அடுக்குமாடியை முதல்முறை விற்கும்போது 2023 டிசம்பரிலிருந்து சலுகை இருக்கிறது: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7. பழைய ஃபிளாட்டுக்குக் கிடையாது. 45 லட்சத்துக்குக் கட்டி முடித்த புது வீடு வாங்கினால் 2.70 லட்சம், அதே விலைக்கு லிஃப்ட் இல்லாத, இருபது வருஷப் பழைய வீட்டுக்கு 4.05 லட்சம். இந்தப் பணத்தில்தான் அரசும் உள்ளாட்சிகளும் ஓடுகின்றன என்று ஒரு வாதம் இருக்கிறது. இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது அந்த மஞ்சள் கயிறு. வங்கி தராத 5 லட்சத்தைத் தருவது பெரும்பாலும் பெண்ணின் நகைதான். அம்மா வீட்டில் போட்டது, சீட்டுக் கட்டிச் சேர்த்தது, மகளுக்கென்று எடுத்து வைத்தது. தவணை ஓட ஆரம்பித்துவிட்டால் மீட்பது அடுத்த போனஸுக்குத் தள்ளிப்போகும், பிறகு வட்டியை மட்டும் கட்டி மறு அடகு. பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் சலுகை வந்தது. அதுவும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். மறுபடியும் அந்தப் பத்து லட்சம்! டெல்லியில் ஆணைவிடப் பெண்ணுக்கு 2 சதவீதம் குறைவு என்று முத்திரைத்தீர்வையிலேயே வித்தியாசம் வைத்திருக்கிறார்கள்.

“பத்திரம் யார் பேர்லம்மா?” என்று கேட்டேன்.

“அவர் பேர்லதான். லோன் அவர் சம்பளத்துக்குத்தானே குடுத்தாங்க.”

பக்கத்தில் பத்திர எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “கிரயத்துலயே ரெண்டு பேர் பேரும் போட்டிருந்தா முத்திரை ஒரு பைசா கூடாது சார். அப்புறமா செட்டில்மென்ட் எழுதணும்னாதான் அதுக்கு வேற முத்திரை, வேற ஃபீஸ். யாரு கேக்கிறாங்க?”

டோக்கன் எண்ணை அழைத்தார்கள். கணவர் படம் எடுக்கவும் கைரேகை வைக்கவும் உள்ளே போனார். நண்பர் வந்தபாடில்லை. இரண்டு நிமிடத்தில் அவரே வெளியே எட்டிப் பார்த்து, “ஆதார் கார்டு வச்சிருக்கேல்ல? உள்ள வா, நீயே சாட்சி போட்டுடு” என்றார்.