ஓமும் ஒலிபெருக்கியும்

மார்கழித் திருவாதிரையன்று சிதம்பரத்துத் தேர் வீதிகளில் நடந்தவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். ஒரு முனையில் கட்டிய குழாயில் நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே ஒலிக்கும். அடுத்த முனையில், வேறொருவர் மைக் செட்டில், அதே வாத்தியம் தகரத்தைச் சுரண்டுவதுபோல் அலறும். பழியை வித்துவான் மேலோ குழாயின் மேலோ போட்டுவிடுகிறோம். பல சமயங்களில் குற்றம் இரண்டிலும் இல்லை. ஆம்ப்ளிபயருக்கும் குழாய்க்கும் பொருத்தம் பார்க்கவில்லை என்பதே விஷயம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், இங்கே ஒன்றே ஒன்று பார்த்தால் போதும்.

ஒலிபெருக்கியின் முதுகில் 4, 8, 16 என ஓம் கணக்கு எழுதியிருக்கும். மாறுமின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவு அது. ஸ்வரம் ஏற இறங்க இவ்வளவும் மாறுமாதலால், எழுதியிருப்பதை ஓர் உத்தேசக் கணக்கென்றே கொள்ளவேண்டும். (1827-ல் மின்தடையின் விதியை வெளியிட்ட ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம், கொலோன் நகரில் பள்ளி உபாத்தியாயராக இருந்தவர். உபாத்தியாயர்களுக்கு இதில் சற்றுப் பெருமை உண்டு.)

பழைய வால்வு யந்திரங்களில் ஓம் வாரியாகத் தனித்தனி முனைகள் உண்டு. 8 ஓம் குழாயை 8 என்ற முனையிலேயே பூட்டவேண்டும். குழாயே பூட்டாமல் முழு ஒலியில் ஓட்டினால் உள்ளேயிருக்கும் டிரான்ஸ்பார்மர் பாழாகும். டிரான்ஸிஸ்டர் யந்திரத்தின் குணம் நேர்மாறு. சும்மா விட்டால் அதற்குத் தீங்கில்லை. பாரம் அதிகமானால்தான் ஆபத்து. இரண்டு 8 ஓம் குழாய்களை இணையாகக் கட்டினால் 4 ஓம். நான்கைக் கட்டினால் 2 ஓம். கூட்டம் பெருகுகிறதென்று குழாயை மேலும் மேலும் சேர்க்க, மின்சாரம் பெருகி, யந்திரம் கொதித்து, உற்சவத்தின் நடுவே அடங்கிவிடும்.

கம்பியின் சங்கதி இதைவிடச் சுவையானது. மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில், யந்திரத்துக்கு 100 மீட்டர் தள்ளி ஒரு 8 ஓம் குழாய் கட்டுவதாகக் கொள்வோம். போக வர 200 மீட்டர் கம்பி. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் அதன் தடை மட்டும் சுமார் மூன்றரை ஓம். குழாய்க்குப் போகவேண்டிய சக்தியில் பத்தில் மூன்று பங்கு, கம்பியைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும்!

இதற்குத்தான் 100 வோல்ட் ஏற்பாடு வந்தது. குழாய்தோறும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்தால், 50 வாட் குழாய் 200 ஓமாகத் தோன்றும். அதே கம்பியில் நஷ்டம் நூற்றுக்கு இரண்டுகூட இராது. இந்த ஏற்பாட்டில் ஓம் கணக்கே வேண்டாம். எல்லாக் குழாய்களின் வாட்டையும் கூட்டி, யந்திரத்தின் வாட்டுக்கு மிஞ்சாமல் பார்த்துக்கொண்டால் சரி.

2004 டிசம்பர் 26-ல், கடலூருக்கு வடக்கே புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. கடல் நிலவரம் அறிவிப்பதற்காக ஊரில் வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே கூவி அழைத்தார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். அன்று அந்தக் குழாய் வேலை செய்தது. உப்புக் காற்றில் கம்பி முனைகள் பச்சை பூத்துத் தடை ஏறுவது கடலோரத்தில் சகஜம். ஆகையால் ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே முனைகளைச் சுரண்டித் துடைத்து, ஒவ்வொரு குழாயாகப் பேசிப் பார்த்துவிட வேண்டும்.